முதல் ஓட்டத்தில் வாசலில் நின்றவர்

“அத்தனை கேமராவும் அவரு பக்கம்தானே திரும்பியிருந்துச்சு? ஒண்ணுலகூடவா அவரு விழலை?”

“விழுந்திருப்பார் ஆன்ட்டி. ஆனா அந்தப் படத்தையெல்லாம் யாரும் வெச்சிருக்க மாட்டாங்க.”

“கைக்கு?”

செகந்திராபாத் பக்கத்து உருதுவில் ஏன் என்று கேட்கிறார். கௌஷிக் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு அலுவலகத்தின் கண்ணாடிச் சுவரோரம் நகர்ந்தான். கீழே மாதாப்பூர்ச் சாலையில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. அந்த ஒற்றைச் சொல்லுக்கு அவனிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

“தம்பி, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் ஆன்ட்டி.”

“நான் சும்மா கேக்கலை. அவரு போன்ல ஒரு வீடியோ இருக்கு. அன்னிக்கு ட்ரெயின் வாசல்ல நின்னுக்கிட்டு அவரே எடுத்தது. எதிர்ல மேட்டு மேல நீங்க எல்லாரும் வரிசையா நிக்கறீங்க. எல்லாரு மூஞ்சி முன்னாடியும் கேமரா. கல்யாண வீட்டுல மாப்பிள்ளையக்கூட அத்தனை பேரு எடுக்க மாட்டாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் கேக்கறேன்.”

பேசிக்கொண்டிருந்தவர் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியைச் சேர்ந்த விஜயகுமாரி. அக்டோபரில் கௌஷிக் நடத்திய ரயில் சுற்றுலாவுக்குக் கணவர் பழனிசாமியோடு வந்திருந்தார். டிசம்பரில் பழனிசாமி இறந்துபோனார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், டீக்கு எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. இதைப் பேச்சின் தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிட்டார். பெயரைக் கேட்டதும் கௌஷிக்குக்கு ஆள் நினைவுக்கு வரவில்லை. ‘கால் முடியாதவரு, வாசல்ல நின்னாரே’ என்ற பிறகுதான் வந்தது.

“வீட்டுல எல்லாரையும் போட்டோ எடுத்தது அவருதான். அதனால எதுலயும் அவரு இல்ல. மாலை போட்டு வெச்சிருக்கறது பாஸ்போர்ட் சைஸைப் பெருசு பண்ணது. போலீஸ்காரன் கூப்பிட்ட மாதிரி முறைச்சுக்கிட்டு இருக்காரு. அன்னிக்கு ட்ரெயின்ல எப்படிச் சிரிச்சாரு தெரியுமா? அப்படி ஒண்ணு கிடைச்சா நல்லா இருக்கும்.”

“நான் எங்க குரூப்ல கேக்கறேன் ஆன்ட்டி. எல்லார்கிட்டயும் கேக்கறேன்.”

“ஹவ் தம்பி, சரி. கேளுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல.”

அவர் வைத்த பிறகும் கௌஷிக் போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

கௌஷிக்கும் அவன் தோழி ஹம்ஸினியும் நடத்தும் குழுவுக்குப் ‘பக்கத் தடம்’ என்று பெயர். பயணிகள் வண்டியே போகாத கிளைப் பாதைகளில் ஒரு சிறிய டீசல் வண்டியை முழுதாக வாடகைக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். நிலக்கரி மட்டும் போகிற பாதை, நெல் மூட்டை மட்டும் போகிற பாதை, எப்போதாவது ஒரு எஞ்சின் தனியாக வந்து போகிற பாதை. ஒவ்வொரு பயணத்துக்கும் மாதக்கணக்கில் அனுமதிக்கு அலைய வேண்டும். வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் ரயில் பைத்தியங்கள். எந்த ஊரிலும் வேலையில்லாமல், இறங்கவும் நிலையம் இல்லாத ஓரிடம்வரை போய்விட்டு வந்த வழியே திரும்பி வருவதற்காக விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள். மிச்சப் பேர் விளம்பரத்தைப் பார்த்து வந்து மாட்டிக்கொள்கிறவர்கள். பெங்களூரில் இருக்கும் மகள் ஹர்ஷிதா திருமண நாள் பரிசாகப் பதிவு செய்து கொடுத்ததால் வந்த பழனிசாமியும் விஜயகுமாரியும் இந்த இரண்டாவது ரகம்.

அக்டோபரில் போனது சிந்தலகட்டுப் பாதை. மூடிக் கிடக்கும் சிமென்ட் ஆலை ஒன்றுக்காக எப்போதோ போட்டது. காலையில் மௌலா அலியில் புறப்பட்டு, பெரிய பாதையிலிருந்து பிரிந்தபின், இருபுறமும் சீத்தாமரங்கள் ஜன்னலை உரச, மாட்டு வண்டி வேகத்தில்தான் போகும். நடுவில் ஓரிடத்தில் பாதை ஏரிக்கரை மேலேறி வளையும். மழை நின்ற மாதம். ஏரி நிறைந்து கிடந்தது. அந்த வளைவுக்காகத்தான் அந்தப் பயணமே.

அங்கே வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்கி, ஏரிக்குள் நீண்டிருந்த ஒரு மண்மேட்டில் போய் நின்றுகொள்வார்கள். வண்டி பின்னால் போய், வளைவுக்கு அப்பால் மறைந்து, மறுபடி மெல்ல முன்னால் வரும். எல்லோரும் படமெடுத்துக்கொண்ட பிறகு நின்று ஏற்றிக்கொள்ளும். ரயில் பைத்தியங்கள் உலகமெங்கும் இப்படிச் செய்கிறார்கள். ரன்பாஸ்ட் என்பார்கள். கௌஷிக் வீட்டில் சொல்லும்போது ஓட்டம் என்பான்.

ஓட்டத்தின்போது ஒரு வழக்கம் உண்டு. படத்தில் ரயில் மட்டும்தான் இருக்க வேண்டும். ஜன்னலில் முகம், வாசலில் ஆள், கம்பியில் துண்டு எதுவும் கூடாது. அப்படி எதுவும் தென்பட்டால் மேட்டிலிருந்து “தலை, தலை” என்று குரல்கள் எழும்பும். தலை விழுந்த படம் கெட்ட படம். “ரயிலுக்கு மடி. மனுஷா பட்டா தீட்டு,” என்று ஹம்ஸினி சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாலும் மற்றவர்களைவிட அவள்தான் அதில் கண்டிப்பு.

அன்று இறங்கும்போது கௌஷிக் பழனிசாமியிடம் கேட்டான். “வரலையா அங்கிள்?”

“நக்கோ பேட்டா, வேண்டாம். இறங்கறது இறங்கிடுவேன். திரும்ப ஏத்த நீ க்ரேன் கொண்டு வரணும்,” என்று அவர் முழங்காலைத் தட்டிக் காட்டினார். “மருந்துக் கம்பெனிக்காக முப்பது வருஷம் ட்ரெயின்ல சுத்தினேன். எல்லாம் ராத்திரி வண்டி. வெளியில என்ன இருக்குன்னே பார்த்ததில்ல. நான் இங்கிருந்தே பார்த்துக்கறேன்.”

விஜயகுமாரி மட்டும் கல் சரிவில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி மேட்டுக்கு வந்தார்.

வண்டி வளைவிலிருந்து வெளிப்பட்டபோது வெயில் சரியாக அதன் பக்கவாட்டில் விழுந்தது. ஏரியில் காற்றில்லை. கௌஷிக் மூச்சை அடக்கிக்கொண்டு கேமராவைத் தூக்கினான். அப்போதுதான் இரண்டாவது பெட்டி வாசலில் அவர் நின்றார். ஒரு கையில் போன், இன்னொரு கை கம்பியில். மஞ்சள் சட்டை.

“தலை, தலை,” என்றார்கள்.

“யார்ரா அது, அந்த அங்கிளை யாராவது உள்ள தள்ளுங்கப்பா.”

கௌஷிக் மெகாபோனை எடுத்து, “சார், வாசல்ல நிக்கற சார், உள்ள போங்க,” என்றான். எஞ்சின் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டதோ. கம்பியிலிருந்து கையை எடுத்து அவர்களைப் பார்த்துக் கையசைத்தார். மேட்டிலிருந்தவர்களுக்கு எரிச்சலில் சிரிப்பு வந்தது.

வண்டி கடந்து போனதும் கௌஷிக் கார்டிடம் கெஞ்சி இன்னொரு ஓட்டத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்தான். பிறகு பக்கத்தில் நின்றிருந்த பெண்மணியிடம் திரும்பினான். “மேடம், அவர் உங்க ஹஸ்பண்டா? தயவுசெஞ்சு உள்ள போகச் சொல்லுங்க. எல்லாருக்கும் படம் கெடுது.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். விஜயகுமாரிக்கு முகம் சிவந்துவிட்டது. மேட்டின் முனைவரை போய் இரண்டு கைகளையும் வீசிக் கத்தினார். “என்னங்க, உள்ள போங்க. எல்லாரும் திட்டறாங்க.”

அது மட்டும் அவருக்குக் கேட்டது. உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது ஓட்டத்தில் வாசல்கள் காலியாக இருந்தன. ஒரு மேகம் வந்து வெயிலைக் கொஞ்சம் மூடிக்கொண்டது. அதைப் பற்றி யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வரும் வழியில் உப்புமாப் பொட்டலம் கொடுத்துக்கொண்டே போன கௌஷிக் அவர் இருக்கையருகே நின்று, “சாரி அங்கிள். சேஃப்டி ரூல், வாசல்ல நிக்கக் கூடாது,” என்றான். “ஹவ் பேட்டா. ரூல்னா ரூல்தான்,” என்று அவர் வாங்கிக்கொண்டார். அவர் வாசலில் நின்றபோது வண்டி நடக்கும் வேகத்தில்தான் வந்துகொண்டிருந்தது. மேட்டில் மெகாபோனைத் தூக்கியபோது பாதுகாப்பு என்ற எண்ணமே கௌஷிக்குக்கு வரவில்லை. பொய் சொல்கிறோம் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

குழுவில் அவன் எழுதிப் போட்ட செய்திக்கு அன்று சாயங்காலமே பதில்கள் வந்துவிட்டன. சிந்தலகட்டு முதல் ஓட்டத்தின் படம் யாரிடமாவது இருக்கிறதா, வாசலில் நின்ற பெரியவர் இறந்துவிட்டார், அவர் மனைவி கேட்கிறார் என்று எழுதியிருந்தான்.

‘முதல் ஓட்டம் அப்படியே டஸ்ட்பின் பாஸ்.’ ‘செகண்ட் க்ளீனா வந்துச்சே, ஃபர்ஸ்ட்டை யார் வெச்சுப்பா.’ ‘அடடா, அந்த அங்கிளா. பாவம்.’ ‘ட்ரெயின்லயே டெலீட் பண்ணிட்டேன், மெமரி ஃபுல்.’ கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. யாரோ இரண்டாவது ஓட்டத்தின் படத்தைப் போட்டு, இது வேண்டுமானால் கொடுங்கள் என்றார்கள். வாசல்கள் காலியான படம்.

கௌஷிக்கும் அழித்திருந்தான். வண்டியிலேயே, பழனிசாமிக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, மடியில் கேமராவை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக. அவர் அப்போது ஜன்னல் வழியாகச் சீத்தாமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தது இப்போது நினைவுக்கு வந்தது. அப்போது அதைக் கவனித்ததாகவே ஞாபகம் இல்லை.

இன்னொரு முறை அங்கே போகலாம் என்றாலும் வழியில்லை. ஆலை ஏலத்துக்குப் போய்விட்டது. ஜனவரியிலிருந்து தண்டவாளத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலை மௌலா அலியில் வீட்டுச் சமையலறை வாசலில் காபிக்காக நின்றுகொண்டிருந்தான். எதிர்ச் சுவரில் குழு அச்சடித்த காலண்டர் தொங்கியது. ஹம்ஸினி எடுத்த சிந்தலகட்டுப் படம். நீலமும் வெள்ளையுமான வண்டி, கீழே அசையாத ஏரி, வண்டியின் பக்கமெல்லாம் வெயில்.

“என்னடா அப்படிப் பார்க்கறே, நீ பார்க்காத ரயிலா?” என்றாள் அம்மா திரிபுரசுந்தரி.

“வெயில் அடிக்கறதும்மா.”

“படத்துல அடிச்சா உனக்கென்ன?”

இரண்டாவது ஓட்டத்தில் மேகம் வந்துவிட்டது. அன்று வெயில் பட்டு அந்த வண்டி வந்தது ஒரே ஒரு முறைதான்.

சனிக்கிழமை லோத்குண்டாவுக்குப் போனான். ஹம்ஸினியின் அறை ஜன்னலுக்கு வெளியே ராணுவ நிலத்தின் சுற்றுச்சுவரும் அதற்கப்பால் யாரும் நடக்காத புல்வெளியும் தெரியும். காலண்டர் படத்தைப் பற்றி அவன் கேட்டதும் அவள் நாற்காலியைத் திருப்பாமலே சொன்னாள்.

“ஆமா. அழிச்சேன். இப்போ என்ன?”

“குரூப்ல கேட்டேனே. ஏன் சொல்லலை?”

“என்னத்தைச் சொல்றது? ஒரிஜினல் இருந்தாத்தானே? அதுமேலயே சேவ் பண்ணிட்டேன். கார்டை அடுத்த ட்ரிப்புக்கு ஃபார்மட் பண்ணியாச்சு.”

“நீயா? எதையும் தூக்கிப் போட மாட்டியே.”

“நல்ல படத்தைத் தூக்கிப் போட மாட்டேன். தலை இருக்கற படத்தை எதுக்குடா வெச்சுப்பேன்?” அவள் திரையில் அந்தப் படத்தைத் தேடத் தொடங்கினாள். “செகண்ட்ல லைட் போயிடுத்து கௌஷிக். முதல்ல அப்படி ஒரு லைட். அவர் மட்டும் இல்லேன்னா… அதான் எடுத்துட்டேன். செத்துப்போவார்னு எனக்கு ஜோசியமா தெரியும்?”

“நான் உன்னை ஒண்ணும் சொல்லலையே.”

“சொல்லாமத்தான் மூஞ்சியை அப்படி வெச்சுண்டிருக்கே.”

அவள் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். இரண்டாவது பெட்டியின் வாசல் கறுப்பாக, காலியாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. “இந்தக் கைப்பிடியைப் பாரேன். அவர் உடம்பு மறைச்சிருந்தது. பக்கத்துப் பெட்டியிலேர்ந்து எடுத்து ஒட்டினேன். ஒரு ராத்திரி முழுக்க வேலை.” அவளையறியாமல் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அவளே அதைக் கேட்டதுபோல நிறுத்திக்கொண்டாள்.

பிறகு படத்தைக் கீழே நகர்த்தினாள். தண்டவாளம், கருங்கல் சரிவு, நாணல், தண்ணீர். மவுஸிலிருந்து அவள் கை விலகியது.

“நான் தண்ணியை மறந்துட்டேன்,” என்றாள்.

ஏரிக்குள் ரயில் தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரண்டாவது பெட்டி வாசல் காலியாக இல்லை. மஞ்சள் சட்டை. கம்பியை விட்டு உயர்ந்த ஒரு கை. தண்ணீரின் மெல்லிய நெளிவில் முகம் கரைந்திருந்தது. முகம் என்று சொல்ல முடியாது. சிரிப்பு என்று சொல்லலாம்.

இருவரும் வெகுநேரம் பார்த்தார்கள். மேலே யாருமில்லாத ரயில் ஒன்று. கீழே அவர் இருக்கிற ரயில் ஒன்று. இரண்டும் ஒரே சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

“எத்தனை வீட்டுல இது தொங்கறது,” என்றாள் ஹம்ஸினி. “எல்லாம் நம்ம ஆட்கள். போல்ட் நட்டு தப்பா இருந்தாக்கூடக் கண்டுபிடிக்கறவா. ஒருத்தர்கூடப் பார்க்கலை.”

“நானும் தினம் பார்க்கறேன். காபி குடிச்சுண்டே.”

“அவங்ககிட்ட வேற போட்டோ ஏதாவது இருந்தா வாங்கிண்டு வா. வாசல்ல திரும்ப நிக்க வெச்சுடறேன். யாருக்கும் தெரியாது.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“அது அவர் இல்லையே.”

“நான்தான் அழிச்சேன்னு அவங்ககிட்ட சொல்லுவியா?” என்று மட்டும் கேட்டாள்.

“நான்தான் உள்ள போகச் சொன்னேன்னு முதல்ல சொல்லணும்.”

“அது அவங்களுக்குத் தெரியுமே, பக்கத்துலதானே நின்னாங்க.”

“தெரியும். அதுக்கப்புறமும் எனக்கு போன் பண்ணி, தம்பின்னு கூப்பிட்டு, மெதுவாக் கேக்கறாங்க.”

செகந்திராபாத்தில் ஒரு கடையில் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு, அட்டைக் குழலில் சுருட்டி எடுத்துக்கொண்டு அவன் குகட்பள்ளிக்குப் போனபோது சாயங்காலமாகிவிட்டது. ஹவுசிங் போர்டு வீட்டின் கூடத்தில் மாலை போட்ட பழனிசாமி முறைத்துக்கொண்டிருந்தார். விஜயகுமாரி சொன்னது சரிதான். அந்த முகத்தை வைத்து, வாசலில் நின்றவரை யாராலும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாது.

டீ கொடுத்துவிட்டு, குழலைப் பார்த்தும் அதைப் பற்றிக் கேட்காமல், அவர் போனை எடுத்து வந்தார். “முதல்ல இதைப் பாருங்க.”

வீடியோவில் ஏரி ஆடி ஆடி நகர்ந்தது. பிறகு மேடு. நீளமான வரிசை. ஒவ்வொருவர் முகத்தின் இடத்திலும் ஒரு கறுப்புக் கண்ணாடி வட்டம். நடுவில் தானே நிற்பதைக் கௌஷிக் பார்த்தான். தன் மெகாபோன் குரல், சொற்கள் புரியாமல், யாரோ வரவேற்பதுபோல ஒலித்தது. போனுக்கு வெகு பக்கத்தில் ஒரு சிரிப்பு. “குமாரி, இங்க பாரு, இங்க,” என்றது அந்தக் குரல். மேட்டிலிருந்த விஜயகுமாரி திரும்பினார். வண்டி தாண்டிப் போய் நின்றது. படம் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த மறந்திருக்கிறார். வண்டி பின்னால் போயிற்று. மேட்டின் முனையில் விஜயகுமாரி வந்து நின்று கைகளை வீசினார்.

அந்த இடத்தில் விஜயகுமாரி போனைத் தன் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டார்.

“இதுக்கு மேல நான் கத்தறது. அப்புறம் ட்ரெயின் தரை, அவரு செருப்பு. அவ்வளவுதான்.”

“ஆன்ட்டி, அன்னிக்கு உங்களைச் சொல்லச் சொன்னது நான்தான். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“நீங்க என்கிட்டதான் சொன்னீங்க தம்பி. அவருகிட்ட சொன்னது நானு.”

கௌஷிக் டீயைப் பார்த்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போது சில வாக்கியங்களை யோசித்து வைத்திருந்தான். எதுவும் இந்தக் கூடத்துக்குப் பொருந்தவில்லை.

“நான் இறங்கும்போது என்ன சொன்னாரு தெரியுமா? ‘நீ போ குமாரி. கீழேர்ந்து பார்த்தா நான் எப்படித் தெரியறேன்னு வந்து சொல்லு’ன்னாரு. நான் வந்து என்ன சொன்னேன்? ‘மானத்தை வாங்கிட்டீங்க, அத்தனை பேரு முன்னாடி’ன்னு சொன்னேன். அவரு ஒண்ணும் பேசலை. உப்புமா நல்லாருக்குன்னாரு.” அவர் முந்தானையால் போனின் திரையைத் துடைத்து மேஜை மேல் வைத்தார். “அப்புறம் ரெண்டு மாசம் இருந்தாரு. தினம் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம். அதை மட்டும் திரும்ப எடுத்துப் பேசலை. எனக்கும் தோணலை. தீபாவளி வந்துச்சு, ஹர்ஷிதா வந்து போனா, அப்படியே போயிடுச்சு.”

வெளியே காலனிச் சாலையில் யாரோ காய்கறி வண்டிக்காரரிடம் தெலுங்கில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“சரி, கொண்டு வந்ததைக் காட்டுங்க,” என்றார்.

கௌஷிக் படத்தை மேஜை மேல் விரித்து நான்கு மூலைகளிலும் டம்ளர்களையும் போன்களையும் வைத்து அழுத்தினான். விஜயகுமாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரல் முதல் பெட்டியிலிருந்து மெல்ல நகர்ந்து இரண்டாவது பெட்டி வாசலில் நின்றது. அந்த வாசலை அவர் மறந்திருக்கவில்லை.

“காலியா இருக்கே.”

“அங்கதான் இருந்தார் ஆன்ட்டி. அப்புறம் அழிச்சிட்டோம்.”

“யாரு?”

“ஹம்ஸினின்னு என் ஃப்ரெண்டு. படம் அவ எடுத்தது. ஆனா எங்க எல்லாருக்குமே அப்படித்தான் பழக்கம். ரயில் மட்டும் தெரியணும்னு.”

“அன்னிக்கு ட்ரெயின்ல கேமரா பையைக் கீழ வைக்காம மடியிலயே வெச்சுக்கிட்டு வந்துச்சே, கண்ணாடி போட்ட பொண்ணு, அதா?”

“ஆமா.”

அவர் கோபப்படவில்லை. கடையில் சொன்ன விலையைக் கேட்டுக்கொள்வதுபோலத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு கௌஷிக்கைக் கோபத்தைவிட அதிகமாகச் சுட்டது.

“ஆனா தண்ணியில இருக்கறதை அவ பார்க்கலை. நாங்க யாருமே பார்க்கலை,” என்று அவன் கீழே காட்டினான்.

முதலில் விஜயகுமாரிக்குப் புரியவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னும் குனிந்தார். பிறகு மூலையிலிருந்த டம்ளர்களையும் போன்களையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, படத்தை இரண்டு கைகளாலும் பிடித்து அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

இப்போது ஏரிக்குள் ஓடிய ரயில் மேலே வந்துவிட்டது. வாசலில் பழனிசாமி நேராக நின்றார். கையைத் தூக்கியிருந்தார். அவருக்குக் கீழே, சக்கரங்கள் மேலே இருக்க, யாருமில்லாத நீல ரயில் கவிழ்ந்து கிடந்தது.

வெகுநேரம் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு முறை ஏதோ சொல்ல வருவதுபோல உதடு அசைந்தது. கௌஷிக்கிடம் சொல்வதற்கு அல்ல என்று தெரிந்ததால் அவன் காலி டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“தம்பி.”

“சொல்லுங்க ஆன்ட்டி.”

“அந்தப் பொண்ணுக்கு அழிக்க நல்லா வருமில்ல?”

“வரும்.”

விஜயகுமாரி உள்ளங்கையை விரித்து, கவிழ்ந்து கிடந்த ரயிலை முழுவதும் மறைக்கிறாற்போல அதன் மேல் வைத்தார். அவர் கைக்கு அது நீளமாக இருந்தது. இருபுறமும் பெட்டிகள் துருத்திக்கொண்டு தெரிந்தன.

“அப்போ இந்த ட்ரெயினை அழிச்சுத் தரச் சொல்றீங்களா? எனக்குத் தண்ணியில இருக்கறது மட்டும் போதும்.”